விளக்கு வைத்த பிறகு கேட்ட கேள்வி

சாமி,

குன்னூரில் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரெடிமேட் கடையின் பெயர்ப்பலகைகூடத் தெரியாத அளவுக்கு மேகம் இறங்கி நிற்கிறது. இந்த மாதிரி நாளில் வியாபாரம் இருக்காது. டீத்தூள் மூட்டைகளில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. நீ கோயம்புத்தூருக்குப் போன பிறகு வருகிற இரண்டாவது மழைக்காலம் இது. சாயங்காலம் ஆனால் மாடிப்படியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடுகிறேன். வீட்டிலிருந்து கடைக்கு இறங்கும்போது கடைசி இரண்டு படிகளை மிதிக்காமல் குதிப்பாயே, அந்தச் சத்தத்துக்காக. ஆளில்லாத படியைப் பார்த்துவிட்டு மறுபடி தராசைப் பார்க்கிறேன்.

நான் கடிதம் எழுதுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பில் எழுதுவேன், மூட்டையின் மேல் ஊர்ப்பெயர் எழுதுவேன், அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள், "நீங்க அன்னைக்குச் சொன்னதை எழுதிக் குடுங்கக்கா, எங்கள மாதிரி ஊடுகள்ல படிக்கட்டும்" என்றார்கள். உன்னைக் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்கம்மா, எனக்கு ஒண்ணும் இல்லை" என்றாய். அதனால் உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஊருக்காக இனிப்புத் தடவி எழுத எனக்கு வராது.

என் கதையில் உனக்குத் தெரிந்ததைச் சுருக்கிவிடுகிறேன். உன் அப்பா வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரி மூடியபோது நீ என் இடுப்பில் இருந்தாய். ஒரு சாக்குப் பையில் தூளைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் ஏறி இறங்கி விற்றேன். மலைத் தண்ணீருக்கு நன்றாக இருக்கும் தூள் கீழே போனால் சாயம் இறங்காது என்பதை அவர்கள் திட்டியதில் கற்றுக்கொண்டேன். ஊருக்கு ஊர் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, இங்கே அடுப்பில் வைத்துப் பார்த்து, காரமடைக்கு ஒரு கலவை, அன்னூருக்கு ஒரு கலவை என்று பிரித்தேன். இன்றைக்கும் என் வியாபாரம் அதில்தான் நிற்கிறது. ஊர்த் தண்ணீரை நாக்கில் வைத்தே எந்தத் தூள் சரிப்படும் என்று சொல்லிவிடுகிற நான், மேலே என் வீட்டில் படுத்திருந்த பிள்ளையின் முகத்தைப் படிக்கத் தெரியாமல் இருந்தேன்.

அதற்கு நான் தொழில் பழகிய விதமும் ஒரு காரணம். ஆரம்பத்தில் எனக்குச் சரக்குக் கொடுத்த மேட்டுப்பாளையத்து முதலாளி, கடை என்றால் வாயில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று சொல்லிக்கொடுத்துத்தான் மூட்டையைத் தூக்கவிட்டார். தூள் தீர்ந்துவிட்டால் "இல்லை" என்று சொல்லக்கூடாது, "வரணுங்க" என்று சொல்ல வேண்டும். கடையை "மூடு" என்று சொல்லக்கூடாது, "எடுத்து வை" என்று சொல்ல வேண்டும். விளக்கு வைத்த பிறகு நோய், கடன், சாவு எதுவும் கடைக்குள் காதில் விழக்கூடாது. சாவுக்குப் போய்விட்டு வருகிறவன்கூட "பெரிய காரியத்துக்குப் போயிருந்தேங்க" என்பான். இந்தப் பாடத்தை நான் மேலே வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். சின்ன வயதில் நீ ஏதாவது கெட்ட வார்த்தை சொன்னால், அதாவது கெட்டது நடக்கிற வார்த்தை, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற டப்பாவைத் திறந்து ஒரு கல்கண்டை உன் வாயில் போடுவேன். "நல்ல வார்த்தை சொல்லு" என்பேன். நீ கல்கண்டுக்காகவே சில நாள் வேண்டுமென்று கெட்ட வார்த்தை சொல்லியிருக்கிறாய். திருட்டுப்பயல். நான் தெரிந்துதான் கொடுத்தேன்.

அந்தச் சாயங்காலமும் அப்படித்தான் நடந்தது. நீ காலேஜ் முடித்து, வேலைக்குப் போய், வேலையை விட்டுவிட்டு வந்து, மாடியில் போர்வைக்குள்ளேயே கிடந்த மாதங்கள் அவை. உனக்கு வந்திருப்பது மனச்சோர்வு என்று டாக்டர் பெயர் சொல்லியிருந்தார். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். மாத்திரை என்றால் தலைவலிக்கு மாதிரி, தின்றால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதிசயமாகக் கீழே இறங்கி வந்தாய். நான் விளக்கை ஏற்றித் திரும்பினேன். தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "அம்மா, எனக்குச் செத்துப்போயிறணும் போல இருக்குதுங்க."

நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். உன் வாயைப் பொத்தினேன். "விளக்கு வெக்கிற நேரத்துல என்ன பேச்சு இது! சீ, நல்ல வார்த்தை சொல்லு" என்று டப்பாவைத் திறந்து, இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் வாயில் கல்கண்டைப் போட்டேன். நீ அதை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு, "சரிங்கம்மா" என்றாய். மேலே போய்விட்டாய். படியைக் குதிக்கிற ஆள், ஒவ்வொரு படியாக ஏறிப் போனாய். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, சாமி. அதைத்தான் சொல்ல வேண்டும். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டான் என்று நிம்மதியாகக் கல்லாவில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நீ அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. எப்படி இருக்கே என்றால், "நல்லா இருக்கேங்கம்மா." ஒரு வாரம் திடீரென்று முகம் தெளிந்து, ரெடிமேட் கடைக்காரரை வரச்சொல்லி, நீ ஆசையாக வளர்த்த மீன் தொட்டியை மீனோடு அவருக்குக் கொடுத்தாய். அவர் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனார். "போனாப் போகுது, கரண்டு பில்லாச்சும் குறையும்" என்று நான் சொன்னேன். தனக்குப் பிரியமானதைக் காரணமில்லாமல் ஒருவன் எடுத்துக் கொடுத்தாலும், இருண்டு கிடந்த முகம் ஒரே நாளில் தெளிந்தாலும் நின்று கவனிக்க வேண்டும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வருட மழைக்காலத்தில் ஒரு நாள் என்ன நடந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அது உன்னுடையது. நீ பிழைத்தாய். ஆஸ்பத்திரி ஜன்னலோரம் உட்கார்ந்து நானும் உன் அப்பாவும் உன் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மூச்சைத் தவிர வேறு எதுவும் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான் திருந்தியிருப்பேன் என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். திருந்தவில்லை. முன்னைவிட மோசமானேன். வீடு முழுக்க நல்ல வார்த்தையாகப் போட்டு நிரப்பினேன். டீவியில் அழுகிற நாடகம் ஓடக்கூடாது. அப்பா பேப்பரில் கெட்ட செய்தியை வாய்விட்டுப் படிக்கக்கூடாது. சொந்தக்காரர்கள் வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "சிரிச்ச முகமா உள்ள வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். நீ எழுந்தால் சிரித்தேன், நீ சாப்பிட்டால் சிரித்தேன். உன் அப்பா ஒரு நாள், "நீ சிரிக்கறதப் பாத்தா எனக்கே பயமா இருக்குது" என்றார். நீ வேலை தேடிக்கொண்டு கோயம்புத்தூருக்குக் கிளம்பினாய். இப்போதுதான் உடம்பு தேறியிருக்கிறது, இங்கேயே கடையைப் பார்த்துக்கொள் என்று கெஞ்சினேன். பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, கோபம் இல்லாமல் சொன்னாய்: "இந்த ஊட்டுல நல்லா இருந்தாத்தான் இருக்க முடியுதுங்கம்மா."

பஸ் ஏற்றிவிட்டு வந்து அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் உட்கார்ந்திருந்தேன். நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. அதில் என் பிள்ளைக்கு இடமில்லாமல் போனது எப்படி என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நீ இல்லாத மாடியில் உன் குல்லாய் ஆணியில் தொங்கியது. மேஜை மேல் மீன் தொட்டி இருந்த இடம் மட்டும் பாலிஷ் மங்காமல் நீளக் கட்டமாகத் தெரிந்தது. அந்தக் கட்டத்தில் நான் எதையும் வைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் போனில் கூப்பிட்டேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அங்கே வெயில் எப்படி. "நல்லா இருக்கேங்கம்மா." போனை வைத்த பிறகு, அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிக் காதில் ஓட்டிப் பார்ப்பேன். உள்ளே ஏதாவது கேட்கிறதா என்று.

அப்போதுதான் உன் டாக்டரிடம் இருக்கும் நர்ஸ் சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார். மனநோய் உள்ளவர்களுடைய வீட்டாருக்குப் பயிற்சி நடத்துகிறோம், தற்கொலை எண்ணம் வந்தால் எப்படிக் கண்டுகொள்வது, என்ன பேசுவது, யாரிடம் கூட்டிப்போவது, எல்லாம் சொல்லித்தருவோம், சனிக்கிழமை மத்தியானம் சர்ச் ஹாலில் வந்துவிடுங்கள் என்றார். சனிக்கிழமை மத்தியானம் எனக்குச் சரக்கு ஏற்றுகிற நேரம். நாலு சனிக்கிழமை கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு உட்கார்ந்தேன் என்றால், அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். முதல் நாள் பிளாஸ்டிக் நாற்காலியின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், பாதியில் எழுந்து போய்விடலாம் என்று.

சிஸ்டருக்கு உன் வயதுதான் இருக்கும். சுற்றி வளைக்காமல் சொன்னார்: "உங்களுக்குச் சந்தேகம் வந்தா நேரா கேளுங்க. 'சாகணும்னு தோணுதா, உயிரை விட்டுறலாம்னு யோசிக்கறியா'ன்னு அந்த வார்த்தையச் சொல்லியே கேளுங்க."

நான் கை தூக்கினேன். பயந்து கேட்கவில்லை, வியாபாரியாகத்தான் கேட்டேன். "ஏனுங்க சிஸ்டர், கடைக்கு வர்றவன் கேக்காத சரக்க நாமளா எடுத்து முன்னால வெச்சா, வாங்க நெனைக்காதவனுக்கும் வாங்கத் தோணுமுங்க. நான் அப்படித்தான் விக்கறேன். இதும் அப்படி ஆயிறாதுங்களா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விங்கம்மா. எல்லாருக்கும் இந்தப் பயம் இருக்குது, நீங்கதான் வாயத் தொறந்து கேட்டீங்க. ஆனா இது நீங்க விக்கற சரக்கு இல்லீங்க. அவங்க ஏற்கெனவே தலைல தூக்கிட்டு வந்து உங்க வாசல்ல நிக்கற மூட்டை. நீங்க கேட்டதுனால புதுசா ஏறாது. இறக்கி வைன்னு சொல்றீங்க, அவ்வளவுதான்."

எனக்கு உடனே கண்ணில் வந்து நின்றது நீ தராசுக்குப் பக்கத்தில் நின்ற நிலைதான். மூட்டையோடு என் வாசலுக்கு வந்தவனை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன், வாயில் கல்கண்டைப் போட்டு. நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் நோயாளியாக இருந்து பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். எனக்கு எதிரில் வந்தவர் வெலிங்டன் ராணுவ முகாமில் தச்சு வேலை பார்க்கிறவர். அவர் மனைவிக்கு மனசு சரியில்லை. அவரை என் மகன் என்று வைத்துக்கொண்டு நான் கேட்க வேண்டும். என்னைவிடப் பெரியவர், நரைத்த மீசை. "கேளுங்கம்மா" என்று மகன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாமி, உனக்கு... அந்த மாதிரி... ஏதாச்சும்..." என்றேன்.

"எந்த மாதிரிங்க?" என்றார் சிஸ்டர் பின்னால் நின்றுகொண்டு.

"தப்பா ஏதாச்சும் பண்ணிக்கற ரோசனை..."

"தப்புன்னு நீங்களே சொல்லிட்டா அவரு எப்படிங்க ஆமாம்பாரு?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லதான சாமி?"

"அம்மா, உங்க கடைல 'தூள் வேண்டாம்தான'ன்னு கேட்டா வாங்கறவன் என்ன சொல்லுவான்?"

"வேண்டாம்பான்" என்றேன். கடைசியில் என் தொழிலை வைத்தே என்னை மடக்கிவிட்டார். எத்தனையோ வருடமாக உன்னிடம் நான் கேட்டதெல்லாம் அந்த வகைக் கேள்விதான். "உனக்கு ஒண்ணும் இல்லதான?" "நல்லா இருக்கேதான?" பதிலையும் நானே கையில் கொடுத்து, அதையே நீ திருப்பிக் கொடுக்க, வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன். எதிரில் இருந்த வெலிங்டன்காரர் தலையைத் தூக்காமலே, "நல்லா இருக்கேம்மா" என்றார். அது அவருடைய குரலாகவும் இல்லை, உன் குரலாகவும் இல்லை. பிறகு கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, "என்ற ஊட்டுக்காரி இதே மாதிரிதாங்க சொல்லுவா" என்றார். அன்றைக்கு அந்த வார்த்தை என் வாயில் வரவே இல்லை. நாக்கு அந்த இடத்துக்கு வந்து திரும்பிப் போனது. வீட்டில் பழகிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

யாரை வைத்துப் பழகுவது? உன் அப்பாதான் இருந்தார். காலையில் உப்புமா தட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம், எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டேன்: "ஏனுங்க, உங்களுக்குச் சாகணும்னு தோணுதுங்களா?"

அவர் வாயருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்தன வருசமா உன்ற உப்புமாவத் தின்னுட்டு உசுரோடதான இருக்கேன்? இன்னைக்கு என்ன புதுசாக் கேக்கற?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். இரண்டு பேரும் அடக்க முடியாமல் சிரித்தோம். அந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லி, கூரை இடிந்து விழாமல், சிரிக்கவும் முடிந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சிரிப்பு நின்றபோது அவர் தட்டைக் கீழே வைத்திருந்தார். "பையனக் கேக்கறதுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கும் சொல்லிக் குடு. நீ இல்லாதப்ப அவன் கூப்பிட்டா?" உப்புமா ஆறிப்போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம். உன் அப்பாவுக்கு என்னைவிடச் சுலபமாக வந்தது. மெதுவாக, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி கேட்டார். நான் என்னவோ ஏலத்தில் கூவுகிற மாதிரி கேட்டேன்.

போனில் உன்னிடம் எந்த இடத்தில் நின்று கேட்க வேண்டும் என்பதை நானே முடிவு செய்தேன். மேலே வீட்டிலிருந்து கேட்டிருக்கலாம். நீ வேலை முடித்து அறைக்கு வருகிற நேரமும் நான் விளக்கு வைக்கிற நேரமும் ஒன்றுதான். எங்கே உன் வாயைப் பொத்தினேனோ அங்கேயே நின்று கேட்பது என்று வைத்துக்கொண்டேன். விளக்கை ஏற்றினேன். தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கூப்பிட்டேன். காரமடை டீக்கடைக்காரர் தூளுக்காக வந்து நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் பொறுங்க என்று கை காட்டினேன். நீ வழக்கம்போல, "நல்லா இருக்கேங்கம்மா" என்றாய்.

"சாமி, நேரா ஒண்ணு கேக்கறேன். நீ என்ன சொன்னாலும் திட்ட மாட்டேன், அழ மாட்டேன். உனக்குச் சாகணும்னு தோணுதா?"

காரமடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டுவிட்டது. "அம்மிணி! விளக்கு வெச்ச நேரத்துல..." என்று ஆரம்பித்தார். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். எதிர்ப்பக்கம் நீ பேசவில்லை. ஒரு பஸ் போகிற சத்தம் கேட்டது. நடுவில் பேசி நிரப்பக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை இதுவரை வந்ததில்லை. பிறகு நீ கேட்டாய்:

"கடைலயா நிக்கறீங்க?"

"ஆமா சாமி."

"விளக்கு வெச்சாச்சுங்களா?"

"எரியுது. முன்னாலதான் நிக்கறேன்."

நீ அழுகிறாயா என்று தெரியவில்லை. அப்புறம் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாய்: "போன வாரம் இருந்துச்சுங்கம்மா. நல்லாவே இருந்துச்சு. இன்னைக்கு இல்ல."

நான் தராசைப் பிடித்துக்கொண்டேன். போன வாரம் ஞாயிறு நீ என்னிடம் வெயில் அதிகம் என்று மட்டும் சொல்லியிருந்தாய். உனக்கு என்ன குறை, நாங்கள் உனக்கு என்ன செய்யவில்லை, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. முழுங்கினேன். சொல்லிக்கொடுத்தபடி, "என்கிட்டச் சொன்னது நல்லதாப் போச்சு" என்றேன். "போன வாரம் எப்படித் தாண்டி வந்தே சாமி?" என்று கேட்டேன்.

அறைத் தோழனிடம் காரணம் சொல்லாமலே அவனைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்ததாகச் சொன்னாய். அவன் எதற்கென்று கேட்காமல் கூடவே வந்தானாம். முனை டீக்கடையில் இரண்டு பேரும் நின்றீர்களாம். "டீ மட்டும் கேவலமா இருந்துச்சுங்கம்மா. நம்ம தூள் இல்ல" என்றாய். நான் சிரித்தேன். அழ மாட்டேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதையும் கொஞ்சம் மீறிவிட்டேன். இப்போது தனியாக இருக்கிறாயா, இன்றைக்கு ராத்திரி தோழன் கூட இருப்பானா, திரும்ப அப்படித் தோன்றினால் எனக்கோ அப்பாவுக்கோ ஆஸ்பத்திரிக்கோ எந்த நேரமானாலும் கூப்பிடுவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாய். "நான் காலைல வரட்டுமா?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "வாங்க" என்றாய். நீயாக என்னை வரச்சொல்லி எவ்வளவு காலமாயிற்று!

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் காரமடைக்காரர் அங்கேயே நிற்கிறார். தூளைக்கூட எடுக்கவில்லை. "பையன் என்னங்க சொன்னான்?" என்றார். "இன்னைக்கு இல்லயாமுங்க" என்றேன். அவர் விளக்கைப் பார்த்தார். "அப்பச் சரிங்க" என்று சொல்லி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் நடந்தது உனக்குத் தெரியும், இது மற்றவர்களுக்காக. நாம் இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம். மாத்திரையை மாற்றினார். மாத்திரையை மொத்தமாக வாங்கி வைக்காமல் வாரத்துக்கு வாரம் வாங்குவது, அதையும் தோழன் வைத்துக் கொடுப்பது என்று முடிவானது. அதை நீதான் சொன்னாய். பழைய நானாக இருந்தால் உன்னைக் கேட்காமல் உன் அறையையே காலி செய்திருப்பேன். உன்னைக் காப்பாற்றுகிற ஏற்பாட்டை உன்னை வெளியே நிறுத்திவிட்டுச் செய்யக்கூடாது என்று சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். மனசு இருட்டிக்கொண்டு வருகிறபோது உனக்கு முதலில் என்ன ஆகும் என்று டாக்டர் கேட்டார். தூக்கம் போகும், குளிக்கத் தோன்றாது, எல்லோருக்கும் சுமையாக இருக்கிறோம் என்று தோன்றும் என்றாய். பெற்றவள் நான். அந்த மூன்றாவதை அன்றைக்குத்தான் கேட்கிறேன். மத்தியானம் ஓட்டலில் நீ இரண்டாவது தடவை ரசம் வாங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நிமிர்ந்து, "என்னம்மா பாக்கறீங்க" என்றாய். உன்னைத்தான், வேறு என்ன?

உனக்குப் புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் நான் உன் அம்மா இல்லை என்று நினைத்துவிடுவாய். அதனால் சிலது. மாத்திரை வேண்டாம் என்று தோன்றினால் டாக்டரிடம் நேரில் போய்ச் சண்டை போட்டு நிறுத்து, நீயாக நிறுத்தாதே. அந்தத் தோழனை விட்டுவிடாதே. எதற்கென்று கேட்காமல் கூட நடக்கிறவன் விலைக்குக் கிடைக்க மாட்டான். அவனுக்கு நம் தூள் இரண்டு கிலோ அனுப்பியிருக்கிறேன், அந்த முனைக் கடைக்கும் ஒரு பாக்கெட் மாதிரிக்குக் கொடு. ஆமாம், வியாபாரம்தான், சிரிக்காதே. உனக்குப் பிடித்த பெண் ஒருத்தி வந்தால் இதையெல்லாம் அவளிடம் நீயே சொல். சொன்ன பிறகும் உட்கார்ந்திருக்கிறாளா பார். எல்லாவற்றையும்விட, எனக்கு வலிக்கும் என்று நினைத்து எதையும் மறைக்காதே. வலிக்கும்தான். வலித்தால் தாங்கிக்கொள்வேன். மூட்டை தூக்கிய உடம்பு இது. உன் "நல்லா இருக்கேங்கம்மா"வைத்தான் தாங்க முடியவில்லை.

நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. அங்கே நீ உன் காலில் நிற்கிறாய், எனக்குப் பெருமைதான். லீவு கிடைத்தால் நாலு நாள் வா. குல்லாய் ஆணியில் இருக்கிறது, துவைத்து வைத்திருக்கிறேன். மீன் தொட்டியை நான் திரும்பக் கேட்க மாட்டேன். மீன்கள் ரெடிமேட் கடையில் நன்றாகக் கொழுத்திருக்கின்றன, நீயே போய்ப் பார்த்துவிட்டு வா. சந்தோஷமாக இருக்கும்போது மட்டும் வர வேண்டியதில்லை. பேசாமல் போர்வைக்குள் கிடக்கத்தான் தோன்றுகிறது என்றால் அப்படியே வா, வந்து கிட. அப்பா பேப்பரை வாய்விட்டுப் படிக்கிறார். நானும் சும்மா சிரிப்பதை நிறுத்திவிட்டேன், கன்னம் வலி விட்டது. கல்கண்டு டப்பா அதே இடத்தில்தான் இருக்கிறது. வேண்டுமானால் நீயாக எடுத்துத் தின்னு. நான் போட மாட்டேன்.

அன்றைக்குப் போனை வைப்பதற்கு முன்னால் நீ ஒன்று சொன்னாயே: "நாளைக்கும் கேளுங்கம்மா." அதை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் தள்ளுகிறேன். சில நாள் "இல்லீங்க" என்று உடனே சொல்கிறாய். சில நாள் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறாய். ஒரு நாள், "லேசா இருக்குதுங்க, பேசிட்டே இருங்க" என்றாய், கடை எடுத்து வைக்கிற நேரம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தோம், தூள் விலை, அப்பாவின் முழங்கால், என்னென்னவோ.

மழை இன்னும் விடவில்லை. வெளியே எதுவும் தெரியவில்லை. திரியை நறுக்கி எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். இதை மடித்து வைத்துவிட்டு ஏற்றப் போகிறேன். ஏற்றிவிட்டுக் கூப்பிடுவேன். எடு, சாமி.

உன் அம்மா